பெண்கள் வெளியிடும் புது ஆல்பங்கள்: சிங்கப்பூரில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் நண்பர் வட்டம் மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். ஒரு பெண் கலைஞர் அண்மையில் வெளியிட்ட ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்போம். அப்புறம் சாப்பாடு, பேச்சு. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

"ஆல்பம்னா என்ன? புதுப் படத்துக்குப் பாட்டு வந்தாலும் ஆல்பம் ரிலீஸ்னுதானே சொல்றாங்க?"

சொல்கிறார்கள்தான். ஆனால் படத்தின் ஆல்பம் இசையமைப்பாளருடையது. படத்தின் கதைக்குக் கட்டுப்பட்டது. அதில் பாடும் பெண் தனக்குக் கொடுத்த மெட்டையும் வரியையும் பாடிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பி. சுசீலா அம்மா 17,695 பாட்டுகள் பாடியிருப்பதாக 2016-ல் கின்னஸ் பதிவு செய்தது. அவர் குரல் கேட்காத தமிழ் வீடு கிடையாது. அந்தப் பாட்டுகளில் எதைப் பற்றிப் பாடுவது, யார் வாசிப்பது, எந்தப் பாட்டுக்குப் பின் எது என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்தப் பக்கத்தில் ஆல்பம் என்று நான் சொல்வது, ஒரு பெண் தன் பெயரில், தன் முடிவில் வெளியிடும் தொகுப்பை. சினிமாப் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். நமக்குப் பெண் குரல்கள் ஏராளமாகத் தெரியும். பெண்களின் ஆல்பங்கள் அவ்வளவாகத் தெரியாது. எனக்கு உறுத்தும் விஷயம் அதுதான்.

"சிங்கிள், இபி, மிக்ஸ்டேப்னு என்னென்னமோ போடுறாங்க. என்ன வித்தியாசம்?"

தனியாக வரும் பாட்டு சிங்கிள். நான்கு முதல் ஆறு பாட்டு, அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் இபி. ஏழு பாட்டு இருந்தாலோ அரை மணியைத் தாண்டினாலோ ஆல்பம். இது ஆப்பிள் வைத்திருக்கும் கணக்கு. மற்ற தளங்களும் ஏறக்குறைய இப்படித்தான். மிக்ஸ்டேப்புக்கு அளவு கிடையாது. முதல் ஆல்பத்துக்கு முன் "நான் இப்படிப்பட்டவள்" என்று காட்டப் பலர் அதை வெளியிடுகிறார்கள்.

"பாட்டுன்னா பாட்டு. அதுல பெண்கள்னு எதுக்குத் தனியாப் பிரிக்கணும்?"

பாடுகிறவர்களை மட்டும் எண்ணினால் பிரிக்கத் தேவையே இல்லை. இந்தியாவில் கிராமபோன் தட்டு எடுக்க ஆட்கள் 1902-ல் கல்கத்தாவுக்கு வந்தபோதே முன்வந்து பாடியவர் கௌஹர் ஜான் என்ற பெண்மணி. நம் வீடுகளில் காலையில் ஒலித்தது எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம். செவ்வாய்க்கிழமை சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். ஆடி மாதம் வந்தால் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பெண்கள் தொகுப்பாகப் பாடி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது பக்திப் பாடல்கள் வழியாகத்தான். தேக்காவில் சிடி விற்ற கடைகளில் முன் அடுக்கிலேயே அவை இருக்கும்.

பாடுவதைத் தாண்டி முடிவெடுக்கும் இடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனென்பெர்க் ஆய்வாளர்கள், ஒவ்வோர் ஆண்டும் அங்கே அதிகம் ஓடும் பாட்டுகளை எடுத்து, அவற்றைத் தயாரித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். விகிதம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. நம் திரையிசையில் பெண் இசையமைப்பாளர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஒரு பெண் தன் ஆல்பத்தைத் தானே வடிவமைத்து வெளியிட்டால் அது எனக்குத் தனிச் செய்திதான். அதனால்தான் பிரிக்கிறேன்.

"வளர்ந்து வர்றவங்கன்னா சின்ன வயசுப் பொண்ணுங்களா?"

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பாடகி சப்ரினா கார்ப்பென்டரை உலகம் முழுக்கத் தெரிய வைத்த 2024-ம் ஆண்டு ஆல்பம் அவருடைய ஆறாவது. இன்னோர் அமெரிக்கப் பாடகி சாப்பல் ரோனின் முதல் ஆல்பம் 2023 செப்டம்பரில் வந்தது. ஊர் கவனித்தது அடுத்த ஆண்டு. 2025-ல் கிராமி விழாவில் சிறந்த புதுக் கலைஞர் விருது வாங்கியபோது அவர் பல ஆண்டு பாடிக் களைத்தவர். வந்த வாரமே கவனிக்கப்படாத ஆல்பம் தோற்றுப்போன ஆல்பம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

"தமிழ்ப் பொண்ணுங்க யார் இப்ப ஆல்பம் போடுறாங்க? எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?"

பிரியா ரகுவிலிருந்து ஆரம்பியுங்கள். போர்க்காலத்தில் இலங்கையை விட்டு வந்த பெற்றோருக்கு சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அண்ணன் ஜாஃப்னா கோல்ட் இசையமைக்க, இவர் எழுதிப் பாடுகிறார். 2021-ல் ஒரு மிக்ஸ்டேப், 2023 அக்டோபரில் 'சந்தோசம்' என்ற முதல் ஆல்பம். ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவே தமிழ் வந்து உட்காரும். தாளத்தில் நம்ம ஊர்க் குத்து இருக்கும், குரலில் அமெரிக்க ஆர் அண்ட் பி இருக்கும். வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமும் பேசி வளரும் இங்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. போட்டவுடன் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து கணவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024-ல் மட்டும் இரண்டு ஆல்பம். இரண்டாவதான 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்து உருவாக்கியது. ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனுக்குச் செலுத்திய வணக்கம் அது. பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. கூடி நின்று ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். பஜனை மடத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடும். எங்கள் வட்டத்தில் இதைப் போட்ட அன்று, கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்கும் ஓர் அத்தை முடிந்தபின்னும் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு வாட்டி வைப்பா" என்றார்.

இவர்களுக்கு முன்னால் பாதை போட்டவர்கள் இருவர். லண்டனில் பிறந்த சுஷீலா ராமன் 2001-ல் தன் முதல் ஆல்பத்தில் கர்நாடகக் கீர்த்தனைகளை கிதாருக்கும் தபலாவுக்கும் நடுவே பாடி, சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம் பிடித்தார். இன்னொருவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். 2005-ல் அப்பாவின் இயக்கப் பெயரில் 'அருளர்', 2007-ல் அம்மாவின் பெயரில் 'கலா', 2013-ல் தன் பெயரில் 'மாதங்கி'. பாட்டுகளில் சத்தமும் கோபமும் அதிகம்; எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனால் 'கலா'வில் உறுமி அடிக்கும் இடத்தைக் கேட்டால், நம் தெருவில் போகும் மேளத்தை ஒருத்தி உலக மேடையில் ஏற்றியிருக்கிறாள் என்ற பெருமை எனக்கு இன்றும் வருகிறது.

"நம்ம சிங்கப்பூர்ல யாரு இருக்கா?"

சுஷ்மா சோமா. இங்கே வளர்ந்து, சென்னையில் ஆழமாகப் பயின்ற கர்நாடகப் பாடகி. 2020-ல் தேசியக் கலைகள் மன்றத்தின் இளங்கலைஞர் விருது பெற்றவர். ஆதித்ய பிரகாஷுடன் சேர்ந்து அவர் தயாரித்த 'ஹோம்' ஆல்பம் நாம் வாழும் பூமியைப் பற்றியது. யானை ஒன்றின் இறுதிச் சடங்கையே ஒரு பாட்டாக்கியிருக்கிறார். ராகம் இருக்கிறது, கமகம் இருக்கிறது. கச்சேரியின் வரிசை மட்டும் இல்லை. வர்ணம், கிருதி, துக்கடா என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மனிதர் துக்கப்படுவதைக் கேட்கப் போகிறோம் என்று உட்காருங்கள்.

ராப் பக்கம் லேடி காஷ். 2010-ல் 'எந்திரன்' படத்தில் ஏ. ஆர். ரகுமானுக்காக கிரிஸ்ஸியுடன் பாடிய சிங்கப்பூர்ப் பெண் இவர்தான். ஜாஸ் பக்கம், வழக்கறிஞர் தொழிலிலிருந்து பாட்டுக்கு வந்த ராணி சிங்கம். இவர்களுக்கும் மூத்தவர் ஜெசிந்தா அபிசேகநாதன். நம் ஊர் கிதார் ஆசான் அலெக்ஸ் அபிசேகநாதனின் மகள். பழைய ஜாஸ் பாட்டுகளை அவர் பாடிய ஆல்பங்களை உலகம் முழுக்க ஒலிபெருக்கி பிரியர்கள் கருவியைச் சோதித்துப் பார்க்க வாங்குகிறார்கள். சிங்கப்பூரில் அவர் பெயரைச் சொன்னால் நம் இளைஞர்கள் பலருக்குத் தெரிவதில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம்.

"சீன, மலாய்ப் பாட்டெல்லாம் நமக்குப் புரியாதே. எதுக்குக் கேக்கணும்?"

பக்கத்து வீட்டார் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். தான்யா சுவாவின் 'டிபார்ட்' 2022-ல் தைவானின் கோல்டன் மெலடி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம். மாண்டரின் பாடும் உலகம் முழுவதும் போட்டியிடும் இடத்தில் நம் ஊர்ப் பெண் நான்காவது முறையாகச் சிறந்த பாடகியானார். 2000-ல் முதல் ஆல்பம் வெளியிட்ட ஸ்டெஃபனி சன்னைக் கேட்காத சீன நண்பர் உங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டார். கேட்டுப் பாருங்கள், மதிய உணவு வேளை முழுக்கப் பேசுவார்.

ஆங்கிலத்தில் பாடும் உள்ளூர்ப் பாடகி லின்யிங்கின் முதல் முழு ஆல்பம் 2022 ஜனவரியில் வந்தது. 2021 தேசிய தினப் பாடலை எழுதியவர்களில் ஒருவர் அவர். நம் தமிழ்ப் பாடகர் ஷபீரும் அதில் சேர்ந்து பாடினார். அந்த வழியாகவே லின்யிங்கைப் பலருக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறேன். ராக் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நூர் வாஹிதா பாடும் சப்சானிக் ஐ குழுவின் 2021 ஆல்பம்.

"புது ஆல்பம் ஏன் எப்பவும் வெள்ளிக்கிழமையே வருது? எத்தனை மணிக்கு?"

முன்பு நாட்டுக்கு ஒரு கிழமை. ஓர் ஊரில் வெளியானதும் இன்னோர் ஊரில் திருட்டுத்தனமாகக் கேட்பது பெருகியதால், 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளி என்று இசைத்துறை முடிவு செய்தது. பெரும்பாலும் அந்தந்த ஊர் நள்ளிரவு. அதனால் லண்டன்காரர்களுக்கு முன்னால் நமக்குக் கிடைத்துவிடும்.

சில பெரிய அமெரிக்க ஆல்பங்கள் மட்டும் அமெரிக்கக் கிழக்குக்கரை நள்ளிரவுக்குக் காத்திருக்கும். நமக்கு அது பகல் பன்னிரண்டு அல்லது ஒரு மணி. டெய்லர் சுவிஃப்ட்டின் 2024 ஏப்ரல் ஆல்பம் அப்படித்தான் ஒரு வெள்ளி மதியம் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் பதினைந்து பாட்டு. அன்று என் அலுவலகத்தில் யாரும் வேலை பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"ஒரே ஆல்பத்துக்கு எதுக்கு நாலு அட்டை, நாலு விலை?"

மேலே சொன்ன அதே ஆல்பம்தான் நல்ல உதாரணம். அந்த ஆண்டு மார்ச்சில் நம் தேசிய விளையாட்டரங்கில் ஆறு நாள் பாடியபோது, அதன் நான்காவது பதிப்பை மேடையிலேயே அறிவித்தார். ஒவ்வொரு பதிப்பிலும் கடைசியில் ஒரு பாட்டு மட்டும் வேறு. தீவிர ரசிகர் நான்கையும் வாங்குவார். விற்பனைப் பட்டியலில் எண்ணிக்கை ஏறும். ஒன்று போதும் என்பதே என் கருத்து. மிச்சப் பணத்தில் யாரும் கவனிக்காத ஒரு பெண்ணின் முதல் ஆல்பத்தை வாங்கலாம்.

"பாட்டுகளை வரிசையாத்தான் கேக்கணுமா? ஷஃபிள் போட்டா என்ன?"

கேட்பது உங்கள் இஷ்டம். ஆனால் முதல் தடவை மட்டும் வரிசையாகக் கேளுங்கள். பிரிட்டிஷ் பாடகி அடெல் 2021-ல் '30' ஆல்பத்தை வெளியிட்டபோது, தான் யோசித்து வைத்த வரிசை கலையக் கூடாது என்று கேட்டார். ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் தானாகவே கலைத்துப் போடும் பொத்தானை எடுத்துவிட்டது. சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் இன்னும் ஒரு படி போய் 2023, 2024, 2025 என்று ஆண்டுக்கு ஒன்றாக மூன்று சிறு ஆல்பங்களை ஒரே கதையின் மூன்று அத்தியாயங்களாக வெளியிட்டார். நடுவில் நுழைந்தால் பாதிதான் கிடைக்கும்.

நேரமில்லை என்பார்கள். பெரும்பாலான ஆல்பம் முக்கால் மணி நேரம். பாசிர் ரிஸ்ஸிலிருந்து நகருக்கு எம்ஆர்டியில் போய்வருவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

"கர்நாடக சங்கீதத்துல ஆல்பம்னு ஒண்ணு தேவையா? கச்சேரி பதிவு போதாதா?"

கச்சேரியின் உயிர் வேறு. அந்த அரங்கில், அந்த நேரத்தில், ரசிகர் தலையாட்டுவதைப் பார்த்துப் பிறக்கும் ஸ்வரத்தை ஸ்டூடியோவில் எதிர்பார்க்க முடியாது. எஸ்பிளனேடில் நவம்பரில் நடக்கும் கலா உத்சவத்துக்கும், சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தின் நிகழ்ச்சிகளுக்கும் போகாமல் பதிவை மட்டும் கேட்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்டூடியோவில் மட்டும் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஜெயந்தி குமரேஷ் ஓர் ஆல்பத்தில் பல வீணைகளைத் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார். துணைக்கு வேறு ஆளே இல்லை. ஒரு வீணை ராகத்தைப் பிடித்து நிற்க, இன்னொன்று பதில் சொல்ல, மூன்றாவது தாளம் தட்டுகிறது. இது மேடையில் ஒருவரால் நடக்காது. சுஷ்மா சோமாவின் ஆல்பம் பற்றி முன்பு சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

"மாசம் காசு கட்டி ஸ்பாட்டிஃபைல கேக்கிறேன். அது பாடினவங்களுக்குப் போகுதா இல்லையா?"

போகிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லை. எல்லார் சந்தாவும் ஒரே கணக்கில் சேர்ந்து, மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதப்படி பிரிகிறது. மாதம் முழுக்க நீங்கள் கணவ்யாவை மட்டுமே கேட்டாலும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதிகம் ஓடும் நட்சத்திரங்களுக்குப் போகும். அதோடு 2024-லிருந்து, கடந்த 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவுரிமைத் தொகை கொடுப்பதில்லை. இந்த விதி முதல் ஆல்பம் போடுகிறவர்களைத்தான் அடிக்கிறது. ஆகவே சின்னக் கலைஞர்களின் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், நண்பருக்கும் அனுப்புங்கள். ஆயிரத்தைத் தாண்ட வைப்பது ஒரு நண்பர் கூட்டத்தாலேயே முடிகிற காரியம்.

நேராகப் பணம் சேர வேண்டுமென்றால், கலைஞர்கள் தாங்களே ஆல்பம் விற்கும் இணையத்தளமான பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு சிடி விற்றால், பேநவ்வில் அனுப்பி வாங்குங்கள். வீட்டில் சிடி பிளேயர் இல்லையென்றாலும் பரவாயில்லை.

"எல்பி எங்கே கிடைக்கும்? வெளிநாட்டிலேர்ந்து வரவழைச்சா வரி உண்டா?"

எல்பி என்கிற பெரிய இசைத்தட்டைத் தேடினால், கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடமும் அதைச் சுற்றியுள்ள கடைகளும் ஒலிக்கருவிப் பிரியர்களின் இடம். அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள். வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க, எஸ்பிளனேட் மூன்றாம் தளத்தில் உள்ள கலைநிகழ்ச்சி நூலகம் இருக்கிறது. உள்ளூர்ப் பழைய பதிவுகளுக்கு தேசிய நூலக வாரியத்தின் மியூசிக் எஸ்ஜி இணையத் தொகுப்பு.

வரி உண்டு. 2023 ஜனவரி முதல், 400 வெள்ளி வரையுள்ள பொருளுக்கும், விற்பவர் இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவராக இருந்தால் வாங்கும்போதே வரி சேரும். இப்போது 9 சதவீதம். 400 வெள்ளியைத் தாண்டினால் பார்சல் இங்கே வரும்போது வரி. பலர் சேர்ந்து ஒரே பார்சலில் வரவழைக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

"டெய்லர் சுவிஃப்ட் பாடின ஆல்பத்தையே ஏன் திரும்பப் பாடினாங்க?"

பாட்டை எழுதிய உரிமை வேறு, அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு மீதான உரிமை வேறு. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2019-ல் நிறுவனத்தோடு சேர்ந்து அதுவும் கைமாறியது. எழுதியவர் என்ற உரிமையை வைத்து, 2021-லிருந்து 2023 வரை நான்கு ஆல்பங்களைப் புதிதாகப் பாடி வெளியிட்டார். ரசிகர்கள் புதியதைக் கேட்டார்கள். கடைசியில் 2025 மே மாதம் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார்.

அவருக்குப் பணபலம் இருந்தது. அது இல்லாதவர்கள் ரேயைப் பார்க்கலாம். லண்டன் பாடகி, 2014-ல் நான்கு ஆல்பத்துக்கு ஒப்பந்தமானவர், ஏழு ஆண்டு ஆகியும் ஓர் ஆல்பம்கூட வெளியிட விடவில்லை என்று 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனத்தை விட்டு விலகி 2023-ல் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு பிரிட் விருதுகளில் ஒரே இரவில் ஆறு. ஒப்பந்தம் என்ற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது குரலளவுக்கு முக்கியம் என்று இளம் பெண்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

"என் மக நல்லாப் பாடுவா. ஆல்பம் போடலாமா? என்ன பண்ணணும்?"

போடலாம். முதலில் இபி போடட்டும். ஸ்டூடியோ இல்லாமலும் தொடங்கலாம். ஈசூனில் ஒரு வீவக வீட்டு அறையில் ஓர் இளம் பாடகி பதிவு செய்தபோது கூட இருந்தேன். அலமாரிக் கதவுகளைத் திறந்து, தொங்கும் துணிமணிகளை நோக்கி நின்று பாடினார். எதிரொலியைத் துணி வாங்கிக்கொள்ளும். மின்விசிறியும் ஏர்கானும் நிறுத்தம். பல்லவி நன்றாக வந்துகொண்டிருக்கும்போது வெளியே லிஃப்ட் மணி அடிக்கும், மறுபடி முதலிலிருந்து. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், மறுபடி. நள்ளிரவு நெருங்கும்போதுதான் ஒரு முழுப் பாட்டு கிடைத்தது. குரலை இப்படி எடுத்துவிட்டு, மிக்ஸிங்குக்கும் (ஒலிகளை அளவாகச் சேர்ப்பது) மாஸ்டரிங்குக்கும் (கடைசியாக ஒலியைச் சீராக்குவது) தெரிந்தவரிடம் பணம் கொடுத்துச் செய்தார். அந்த இரண்டில் சிக்கனம் வேண்டாம்.

வெளியிட, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பிவைக்கும் ஒரு டிஜிட்டல் விநியோக நிறுவனம் தேவை. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணை அவர்களே தருவார்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், இன்னொன்றுக்கு வேறு என்றால் தளங்களில் இரண்டு பாடகிகளாகப் பிரிந்துவிடுவார். சொந்தப் பாட்டு என்றால் காம்பஸ் அமைப்பில் பதிந்துகொள்ளுங்கள். வானொலியிலும் நிகழ்ச்சிகளிலும் ஒலிக்கும் பாட்டுக்கு எழுதியவர்களுக்கான தொகையை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை. தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத் திட்டங்களையும் பாருங்கள்.

"யார் பாட்டை வேணா பாடிப் போடலாமா? பழைய பாட்டுக்கெல்லாம் உரிமை கிடையாதுன்றாங்களே?"

பழையது என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. தியாகராஜர், தீட்சிதர் கவலையில்லை. பாரதியார் 1921-ல் மறைந்தவர். தாராளமாகப் பாடலாம், மெட்டு உங்களுடையதாகவோ பழையதாகவோ இருக்கும் வரை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். கச்சேரிகளில் நாள்தோறும் கேட்பதால் பொதுச்சொத்து என்று நினைக்கிறோம். ஆல்பத்தில் சேர்க்க அனுமதி வாங்க வேண்டும். சினிமாப் பாட்டுக்குச் சொல்லவே தேவையில்லை.

"ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்தது நாங்க. அப்ப பதிவு எங்களுக்குத்தானே சொந்தம்?"

பலர் தடுமாறும் இடம் இது. முன்பு, காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே ஒலிப்பதிவின் உரிமை என்று இருந்தது. 2021 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இதை மாற்றியது. இப்போது வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உருவாக்கியவரே முதல் உரிமையாளர். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும். ஆகவே பதிவுக்கு முன்பே ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: ஒலிப்பதிவு யாருடையது, மெட்டு யாருடையது, வாசித்தவர்களுக்கு ஒரே தடவைப் பணமா பங்கா, யார் பெயர் எங்கே வரும். மாமா, அண்ணன் என்று பழகியவர் ஸ்டூடியோவாக இருந்தால் இன்னும் அவசியம். முன்பு சொன்ன ரேயும் சுவிஃப்ட்டும் இத்தனை ஆண்டு போராடியது இந்தத் தாளுக்காகத்தான்.

"நம்ம ஊர்ப் பொண்ணு போட்ட ஆல்பம், ஆனா எனக்குப் பிடிக்கல. வெளியே சொல்லலாமா? மனசு நோகுமே?"

சொல்லலாம். "நல்லா இருக்கும்மா, வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவரைக் கலைஞராக மதிப்பது ஆகாது. அடுத்த ஆல்பத்துக்கு அவர் எடுத்துப்போக அதில் ஒன்றுமில்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, எந்தப் பாட்டில் எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மூன்றாவது பாட்டில் தாளவாத்தியம் குரலை மூடிவிடுகிறது என்றால் அது பயன்படும். தமிழ் உச்சரிப்பு இடிக்கிறது என்றால் எந்தச் சொல் என்று சொல்லுங்கள். உடை, நிறம், கல்யாணம், "பொண்ணுக்கு எதுக்கு இந்த ராப்பு" இவையெல்லாம் விமர்சனத்தில் சேராது. எங்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பிடித்ததையும் அதே கவனத்தோடு சொல்லுங்கள், அதுவும் எழுத்தில். ஒலி 96.8-க்குப் பாட்டைக் கேட்டு எழுதுங்கள். தளத்தில் அவர் பக்கத்தைப் பின்தொடருங்கள். அடுத்த பாட்டு வந்த வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தகவல் வரும்.